நூறு கஜத்துக்கு அப்பால்

சிவகங்கைச் சீமையில், சின்ன மருதுவிடமே வளரி என்ற வளைந்த ஆயுதத்தை எறியக் கற்றுக்கொண்ட வெள்ளைக்காரர் ஒருவர் இருந்தார். பெயர் ஜேம்ஸ் வெல்ஷ். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இளம் அதிகாரியாக மதுரைப் பக்கம் வந்தவர். பிறகு 1801-இல் அதே மருது சகோதரர்களுக்கு எதிரான போரில் கம்பெனி அணியில் நின்றவரும் அவரே. அந்த ஆண்டு அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருதிருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். 1830-இல் லண்டனில் அச்சான தன் நினைவு நூலில் வெல்ஷ் அந்த ஆசானைப் பற்றிப் பிரியத்தோடு எழுதியிருக்கிறார். அதில் வளரி பற்றிய ஒரு குறிப்பு என்னை விட்டுப் போகவே இல்லை. தேர்ந்த கையிலிருந்து கிளம்பினால், நூறு கஜத்துக்குள் எந்தத் தொலைவில் இருக்கும் குறியையும் அது தப்பாமல் அடிக்குமாம்.

நூறு கஜம் என்றால் 91 மீட்டர் சொச்சம். அதற்கு மேல் கை எறியாது என்பது அந்த எல்லைக்கு வெளிப்படையான காரணம். எனக்கு இன்னொரு காரணமும் தோன்றுகிறது. நம் இரண்டு கண்களுக்கும் நடுவே ஏறத்தாழ ஆறரை செ.மீ. இடைவெளி. ஒரே பொருளை இரண்டும் சற்றே வேறு வேறு கோணத்தில் பார்க்கின்றன. அந்த வேறுபாட்டை வைத்து மூளை தொலைவை உணர்கிறது. பத்து மீட்டரில் நிற்கும் ஆளையும் இருபது மீட்டரில் நிற்கும் ஆளையும் பிரித்தறிவது அதற்கு விளையாட்டு. ஆனால் 90 மீட்டரில் நிற்கும் மானையும் 100 மீட்டரில் நிற்கும் மானையும் பிரிக்க வேண்டுமானால், ஒரு பாகையை 240 பங்காக்கி அதில் ஒரு பங்கை உணர வேண்டும். நல்ல வெளிச்சத்தில்கூடப் பலருடைய கண்கள் எட்டும் எல்லை ஏறத்தாழ அங்கேதான் இருக்கிறது. அதைத் தாண்டினால் மூளை ஊகிக்கத் தொடங்கிவிடும். பழகிய மரத்தின் உயரம், மாட்டின் பருமன், நடுவே கிடக்கும் வரப்புகள் என்று கிடைத்ததையெல்லாம் வைத்து ஒரு கணக்குப் போடும்.

அந்தக் கணக்கு தவறும் இடங்கள் நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். கண்மாய் நிறைந்து கிடக்கும்போது அக்கரை மரம் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பதுபோல் இருக்கும். மார்கழிப் பனியில் அதே மரம் தள்ளிப் போய்விடும். கல்லெறி தூரம், கூப்பிடு தூரம் என்று நம் முன்னோர் சொன்ன அளவுகளை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். அவை உடம்பைக் கோலாகக் கொண்ட அளவுகள். புதுக்கோட்டை சமஸ்தானத்தில் வளரி வழக்கொழிந்துகொண்டிருந்த காலத்தில்கூட முயலுக்கும் காட்டுக்கோழிக்கும் அதை எறிந்தவர்கள் இருந்ததாகப் பதிவு உண்டு. எறிபவனின் தோளுக்கே தொலைவு தெரிந்திருக்கும். அவனுக்கு வேறு கருவி வேண்டியிருக்கவில்லை.

கருவி தேவைப்பட்டது ஆயுதம் கண்ணைத் தாண்டி ஓடியபோதுதான். துப்பாக்கிக் குண்டு நேர்கோட்டில் போவதாகப் பலரும் நினைக்கிறார்கள். குழலை விட்டுக் கிளம்பிய நொடியிலிருந்தே அது கீழே விழத் தொடங்குகிறது. எவ்வளவு வேகமாகப் போனாலும் சரி, அரை நொடியில் புவியீர்ப்பு அதை 1.2 மீட்டர் இறக்கிவிடும். அரை நொடியில் குண்டு முந்நூறு நானூறு மீட்டர் போயிருக்கும். அந்தத் தொலைவில் ஐம்பது மீட்டரைத் தப்பாக ஊகித்தால், நெஞ்சுக்குப் போக வேண்டியது காலில் படும். விலங்கு உடனே சாகாது, கால் ஒடிந்து, புதருக்குள் ஓடி, இரண்டு மூன்று நாள் கழித்துச் சாகும். வேட்டைக்கு இன்றும் அனுமதியுள்ள அமெரிக்கா, நமீபியா போன்ற நாடுகளில், நெடுந்தொலைவு வேட்டைக்காரர்கள் தொலைவு அளக்கும் கருவிக்கு அத்தனை காசு செலவழிப்பதற்கு இது பெரிய காரணம். ரேஞ்ச்ஃபைண்டர் என்று கடையில் விற்கும் கையடக்கத் தொலைவுமானி இந்த அளவுக்கு வளர்ந்ததில் அவர்கள் கேட்டதற்கும் பங்கு உண்டு.

நம் நாட்டில் வேட்டைக்குக் கதவு சாத்தியாகிவிட்டது. 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991-இல் அதற்குச் செய்த திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டையை முற்றாக ஒழித்தன. முயலும் கௌதாரியும்கூட அந்தப் பாதுகாப்பில் அடக்கம். அப்படியானால் சிவகங்கை மாவட்டத்தில் எவருக்குத் தொலைவுமானி வேண்டும்? எனக்கு வேண்டும். என்னைப்போல் பறவை எண்ணுகிறவர்களுக்கும், முதுமலையிலும் ஆனைமலையிலும் களக்காட்டிலும் மான் எண்ணும் வனக்காவலர்களுக்கும் வேண்டும். 2006 முதல் நான்காண்டுக்கு ஒருமுறை நடக்கும் அகில இந்தியப் புலிக் கணக்கெடுப்பில், புலிக்கு இரையாகும் விலங்குகளைக் கணக்கிட, காட்டுக்குள் நேர்கோட்டுப் பாதைகளில் காலையில் நடக்கிறார்கள். மான் கூட்டம் தென்பட்டால் எத்தனை என்று எண்ணுகிறார்கள், திசைகாட்டியில் கோணம் பார்க்கிறார்கள், லேசர் தொலைவுமானியில் தூரம் எடுக்கிறார்கள். வேட்டைக்காரனுக்காக வளர்ந்த கருவி, வேட்டை ஒழிந்த காட்டில் உயிர்களுக்குக் கணக்கு வைக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

இந்தக் கருவியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்டு இளைஞர்கள் சிலர் என்னிடம் வருகிறார்கள். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எத்தனை மீட்டர் வரைக்கும் எடுக்கும்?" பெட்டியில் பெரிய எழுத்தில் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு என்று போட்டிருக்கும் எண்ணை மனதில் வைத்துக் கேட்கிறார்கள். அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று புரிய வேண்டுமானால், கருவிக்குள் நடப்பதைப் பார்க்க வேண்டும்.

லேசருக்கு முந்தைய தொலைவுமானிகள் கண்ணின் உத்தியையே பெரிதாக்கின. 1880-களின் இறுதியில் பார், ஸ்ட்ரௌட் என்ற இரண்டு பேராசிரியர்கள் பிரிட்டனில் அமைத்த கருவியில், ஒரு நீண்ட குழாயின் இரு முனைகளிலும் வந்து விழும் பிம்பங்களை ஒன்றோடொன்று பொருத்திக் கோணத்தைக் கணக்கிடுவார்கள். இரண்டு கண்ணுக்கு நடுவே ஆறரை செ.மீ. என்பது அங்கே சில அடிகளாக விரிந்தது. போர்க்கப்பல்களில் ஆள் நீளத்துக்கும் மேற்பட்ட குழாய்கள் இருந்தன. ஆனால் இந்த முறையில் பிழை தொலைவின் இருமடிக்கு வளரும். தொலைவு இரட்டித்தால் பிழை நான்கு மடங்கு. கையடக்கக் குழாயில் ஐம்பது மீட்டருக்குச் சரியாக இருப்பது இருநூறில் பதினாறு மடங்கு தடுமாறும்.

கருவியே இல்லாமல் இதை நீங்கள் செய்து பார்க்கலாம். கையை முன்னால் நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்துங்கள். ஒரு கண்ணை மூடி விரலைத் தூரத்து மரத்தோடு பொருத்துங்கள். இப்போது அந்தக் கண்ணைத் திறந்து மற்றதை மூடினால் விரல் பக்கவாட்டில் தாவும். மரத்தருகே எத்தனை மீட்டர் தாவியது என்று மதிப்பிட்டுப் பத்தால் பெருக்கினால் மரத்தின் தொலைவு கிடைக்கும். கையின் நீளம் கண் இடைவெளியைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு என்பதுதான் சூத்திரம். மரத்தடியில் மாட்டு வண்டி ஒன்று நின்றால் தாவலை மதிப்பிடுவது எளிது. கருவி வாங்குகிற எவரும் முதலில் இதைப் பழகிக்கொள்ள வேண்டும் என்பது என் பிடிவாதம். கருவி பிசகும்போது அது பிசகுகிறது என்று சொல்ல, மனதுக்குள் ஒரு எண் முன்கூட்டியே இருக்க வேண்டும்.

1960-இல் தியோடர் மைமன் முதல் லேசரை ஒளிரவைத்த பிறகு வழி மாறியது. கோணத்தை விட்டுவிட்டு நேரத்தை அளக்கலாம் என்றாயிற்று. கருவியின் பொத்தானை அழுத்தினால், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளித்துடிப்புகள் கிளம்புகின்றன. கையடக்கக் கருவிகளில் பெரும்பாலும் 905 நானோமீட்டர் அலைநீளம். அவை பொருளில் பட்டுச் சிதற, சிதறியதில் துளியளவு திரும்பி வந்து உணரியில் விழுகிறது. போய்வந்த நேரத்தைப் பாதியாக்கி ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தொலைவு. கேட்க எளிது. ஒளி நொடிக்கு 29,97,92,458 மீட்டர் ஓடுகிறது. ஒரு நானோ நொடியில் 30 செ.மீ. நூறு மீட்டரில் இருக்கும் மரத்துக்குப் போய்த் திரும்ப ஒரு நொடியின் பதினைந்து லட்சத்தில் ஒரு பங்கு போதும். ஒரு மீட்டர் துல்லியம் வேண்டுமென்றால் ஏழு நானோ நொடிக்கும் குறைவான நேரத்தைக் கருவி பிரித்தறிய வேண்டும். சட்டைப்பைக்குள் அடங்கும் பெட்டி இதைச் செய்கிறது. இதில் இன்னொரு நன்மை: கோணமுறைபோல் பிழை இருமடியில் வளராது. ஒளி திரும்பி வந்துவிட்டால், முந்நூறு மீட்டரிலும் ஏறத்தாழ அதே ஒரு மீட்டர் துல்லியம்தான்.

'திரும்பி வந்துவிட்டால்' என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. 1969-இல் அப்பல்லோ 11 சென்றவர்கள் நிலவில் ஒரு பிரதிபலிப்புப் பலகையை வைத்துவிட்டு வந்தார்கள். பூமியிலிருந்து அனுப்பும் லேசர் அதில் பட்டு, இரண்டரை நொடி கழித்துத் திரும்புகிறது. மூன்றே முக்கால் லட்சம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருப்பதை அளக்க முடிவதற்குக் காரணம், அந்தப் பலகையிலுள்ள முப்பட்டை மூலைகள் வந்த ஒளியை வந்த திசைக்கே அனுப்புவதுதான். சாலையோரப் பலகைகளில் இரவில் வண்டி விளக்கு பட்டு மின்னுவதும் இதே வகைதான். பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் ஆயிரம் மீட்டர், இப்படிப்பட்ட பளபளப்பான பலகையை வைத்து அளந்தது. மான் பலகை அல்ல. அதன் ரோமம் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும், கொஞ்சத்தை விழுங்கியும் விடும். நனைந்த ரோமம் இன்னும் குறைவாகவே திருப்பும். நேர்மையான தயாரிப்பாளர்கள் மூன்று எண்களைப் போடுகிறார்கள்: பலகைக்கு ஒன்று, மரத்துக்கு ஒன்று, மானுக்கு ஒன்று. பலகைக்கு ஆயிரம் என்றால் மரத்துக்கு அறுநூறு எழுநூறு, மானுக்கு முந்நூறு நானூறு என்ற அளவில் இறங்குவதைப் பல கருவிகளில் பார்க்கலாம். ஒரே ஒரு எண்ணை மட்டும் போட்டிருக்கும் கருவியை நான் வாங்கமாட்டேன்.

தொலைவு கூடக் கூட ஒளி எப்படிக் குறைகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கதிர் முழுவதும் விழும் அளவுக்குப் பெரிய பொருளென்றால், தொலைவு இரட்டித்தால் திரும்பும் ஒளி நான்கில் ஒன்றாகும். பொருள் கதிரைவிடச் சிறியதென்றால் பதினாறில் ஒன்றாகும். போகும்போது கதிர் விரிந்து பெரும்பகுதி பக்கத்தில் வீணாகிறது. வரும்போதும் விரிந்து வீணாகிறது. கையடக்கக் கருவியின் கதிர் ஊசிபோல் மெல்லியது என்று நினைத்தால் தவறு. மீட்டருக்கு மூன்று மில்லிமீட்டர் விரிகிற கதிர், முந்நூறு மீட்டரில் 90 செ.மீ. அகலமாகிவிடும். நத்தைகுத்தி நாரை நிமிர்ந்து நின்றாலே 68 செ.மீ.தான். அதன் மேல் குறி வைத்ததாக நாம் நினைத்துக்கொண்டிருக்க, ஒளியில் பெரும்பங்கு அதன் பின்னாலுள்ள கிளையிலிருந்து திரும்பியிருக்கும். அதனால் விவரத்தாளில் கதிர் விரிவு எவ்வளவு என்று தேடிப் பாருங்கள். எட்டும் தொலைவைவிட எனக்கு அதுதான் முக்கியம்.

கதிர் பல பொருள்களில் ஒரே நேரத்தில் படும்போது கருவி எதைச் சொல்லும்? செட்டிநாட்டு வீட்டைக் கண்டவர்களுக்கு இதை விளக்குவது எளிது. முகப்பில் நின்று உள்ளே பார்த்தால் நிலைக்கதவுகள் ஒரே கோட்டில் திறந்து, வளவைத் தாண்டி, இரண்டாம் கட்டைத் தாண்டி, அடுத்த தெருவில் திறக்கும் பின்வாசல் வெளிச்சம்வரை தெரியும். காரைக்குடியில் ஒரு வீட்டில், வீட்டுக்காரர் அனுமதியோடு இதைச் செய்து பார்த்தேன். ஒரே இடத்தில் நின்று, ஒரே குறியில், இரண்டு கருவிகள். ஒன்று வளவுத் தூணின் ஓரத்தைச் சொன்னது. மற்றொன்று பின்வாசல் சுவரைச் சொன்னது. இரண்டுமே பொய் சொல்லவில்லை. முதலாவது கோல்ஃப் விளையாட்டுக்காகச் செய்தது. புல்தரையில் நடப்பட்ட கொடிக்கம்பம்தான் அதற்கு வேண்டும். பின்னாலுள்ள மரங்கள் வேண்டாம். ஆகவே முதலில் திரும்பும் ஒளியையே அது பிடித்துக்கொள்ளும். இரண்டாவது வேட்டைக்காகச் செய்தது. முன்னால் ஆடும் புல்லையும் தழையையும் விட்டுவிட்டு, கடைசியில் திரும்புவதை எடுத்துக்கொள்ளும். இணையத்தில் மலிவாகக் கிடைப்பவற்றில் கோல்ஃப் கருவிகள் நிறைய. புதருக்குள் நிற்கும் விலங்கை அளக்க அவற்றை வாங்கினால், கருவி முன்னாலுள்ள எருக்கஞ்செடியின் தூரத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும். இரண்டு முறைக்கும் மாற்றிக்கொள்ள வசதியுள்ளதாக வாங்குவதே நல்லது.

அந்த வீட்டின் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை எனக்கு இன்னொரு உதவியும் செய்தது. ஒரு கல்லை அளந்துவிட்டு, முகப்பிலிருந்து சுவர்வரை கல்லை எண்ணினால் நீளம் வந்துவிடும். கருவி சொன்னதோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தேன். நாடா பிடிக்க ஆளில்லாதவர்களுக்கு இது நல்ல வழி.

மேட்டிலும் பள்ளத்திலும் வேறு ஒரு சிக்கல். லேசர் அளப்பது சாய்வுத் தொலைவை. குண்டு எவ்வளவு விழும் என்பதற்கும், வரைபடத்தில் விலங்கு எங்கே நிற்கிறது என்பதற்கும் கிடைத்தொலைவு வேண்டும். குன்றக்குடி மலையடியில் நின்று 30 பாகை உயரத்தில் பாறைமேல் நிற்கும் மயிலை அளந்தால், கருவி 100 என்று காட்டும்போது கிடைத்தொலைவு 87 மீட்டர்தான். கோணம் பத்துப் பாகையாக இருந்தால் வித்தியாசம் ஒன்றரை மீட்டர். அதைப் பொருட்படுத்த வேண்டாம். நம் மாவட்டத்துச் சமவெளிக்குக் கோணத்திருத்தம் கொண்ட கருவிக்குக் கூடுதல் காசு தருவது வீண். ஆனைமலைக்குப் போகிறவர் கட்டாயம் வாங்க வேண்டும். இங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. கோல்ஃப் கருவியிலும் சாய்வுத் திருத்தம் என்று போட்டிருக்கும். மேட்டை நோக்கி அடிக்கும் பந்து சீக்கிரம் தரையைத் தொட்டுவிடும், ஆகவே இன்னும் பலமாக அடிக்க வேண்டும் என்பதால், அது 100-ஐ நூற்றுக்கு மேலாக்கிச் சொல்லும். நமக்கு 87 வேண்டிய இடத்தில் அது எதிர்த்திசையில் போகும். இரண்டுக்கும் பெயர் ஒன்றேபோல் இருப்பதால் ஏமாறுகிறவர்கள் அதிகம்.

ஐந்து பத்து மீட்டர் பிசகினால் என்ன குடி மூழ்கிப்போகும் என்று கேட்பவர்கள் உண்டு. எண்ணிக்கைக்காரர்களுக்கு மூழ்கும். கோட்டுப் பாதையில் நடக்கும்போது மானுக்கு உள்ள தூரம் 80 மீட்டர், பாதைக்கும் மானுக்கும் இடையே கோணம் 30 பாகை என்றால், பாதையிலிருந்து மான் செங்குத்தாக 40 மீட்டரில் நிற்கிறது. இப்படிச் சேர்ந்த எண்களிலிருந்து, பாதையின் இருபுறமும் எவ்வளவு அகலத்தை நாம் உண்மையில் பார்த்தோம் என்று கணக்கிட்டு, அதிலிருந்து சதுர கிலோமீட்டருக்கு எத்தனை மான் என்று சொல்கிறார்கள். எல்லாத் தூரங்களையும் பத்து சதவீதம் குறைவாக ஊகித்தால், பார்த்த பரப்பு சுருங்கி, மான்கள் பதினொரு சதவீதம் கூடிவிடும். ஓரிடத்தில் நின்று சுற்றிலும் எண்ணும் முறையில் பரப்பு இருமடியில் மாறுவதால், அதே பிழை இருபத்து மூன்று சதவீதமாக வீங்கும். காட்டில் ஒரு மான்கூடப் பிறக்காமலே காகிதத்தில் கால்பங்கு மான் பெருகிவிடும்! கண்ணளவில் எழுதுகிறவர்களின் குறிப்பேட்டைப் புரட்டினால், தூரமெல்லாம் 50, 100, 150 என்று உருண்டையாகவே இருக்கும். எந்த மானும் வட்ட எண்ணைப் பார்த்து நிற்பதில்லை.

என் முதல் கருவியோடு நான் ஒரு குளிர்காலம் முழுவதும் பட்ட வேதனையை இங்கே சொல்ல வேண்டும். கண்மாய்க்கரையில் ஒரே இடத்தில் நின்று, பன்னிரண்டு காலைகள் எழுதிய குறிப்புகள். பிறகு ஒருநாள் நாடா போட்டு அளந்த தூரத்தோடு ஒப்பிட்டபோது, எல்லாமே கூடுதலாக இருந்தன. காட்சித்திரையின் ஓரத்தில், மயிர்போல ஒரு சின்ன எழுத்து, மீட்டர் அல்ல கஜம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. கருவி கஜத்தில் அமைந்து வந்திருந்தது. நான் மீட்டரென்று எழுதியிருந்தேன். 91 மீட்டர் நூறாகியிருந்தது. பரப்பு இருமடியில் பெருகியதால் பறவைகளின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைந்து வந்திருந்தது. எண்களைத் திருத்த முடிந்தது என்பது உண்மை. ஆனால் இடையில் இரண்டு நாள் யாரோ அமைப்பை மாற்றி வைத்திருந்தார்களா என்ற ஐயத்தைத் திருத்த முடியவில்லை. அந்தக் குறிப்புகளை விட்டுவிட்டேன். கருவி கைக்கு வந்ததும் முதலில் அலகைப் பாருங்கள். ஒவ்வொரு காலையும் மறுபடி பாருங்கள்.

கண்ணாடிப் பகுதியைப் பற்றிச் சுருக்கமாக. பெரும்பாலானவை ஆறு மடங்கு பெருக்கமும் 21 மி.மீ. வில்லையும் கொண்டவை. 21-ஐ ஆறால் வகுத்தால் 3.5, அத்தனை மில்லிமீட்டர் அகலத்தில்தான் ஒளி கண்ணுக்குள் வரும். பகலில் போதும். அந்தி மங்கலில் நம் கண்மணி ஐந்து மி.மீ.க்கு மேல் விரிந்து காத்திருக்க, கருவி தரும் வெளிச்சம் பற்றாது. அப்போது படம் இருண்டு தெரியும். கறுப்பு எழுத்துகளில் எண் காட்டும் திரை அந்த இருட்டில் கரைந்துபோகும். சிவப்பு ஒளியெழுத்து தெரியும். விலங்கும் பறவையும் நடமாடுவது விடியலிலும் அந்தியிலும் என்பதால் இது சின்ன விஷயமில்லை. லேசருக்கும் அந்த வேளைகளே உகந்தவை. உச்சி வெயிலில் சூரியனின் அகச்சிவப்பு உணரியில் வந்து கொட்டுவதால், பலவீனமாகத் திரும்பும் துடிப்பு அந்த இரைச்சலில் தொலைந்துவிடும். சித்திரை நண்பகலில் ஒரு கருவியைச் சோதித்துவிட்டு மோசம் என்று தள்ளிவிடாதீர்கள். மழைத்தூறலிலும் புழுதியிலும் கருவி கண்ணெதிரே பத்துப் பதினைந்து மீட்டர் என்று உளறும். துளிகளிலிருந்து ஒளி திரும்புகிறது. தண்ணீர்ப் பரப்பை நோக்கி அழுத்தினால் பெரும்பாலும் கோடுகள்தான் வரும். சாய்ந்து விழும் ஒளியை நீர் அப்பால் தள்ளிவிடும், திருப்பாது. பச்சை இலையோ நேர்மாறு. கண்ணுக்கு இருண்டு தெரியும் புளிய மரம், அகச்சிவப்பில் ஏறத்தாழப் பாதி ஒளியைத் திருப்பி அனுப்பும்.

மின்கலத்தைக் கடைசியில்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். பல கருவிகளில் சி.ஆர்.2 என்ற 3 வோல்ட் லித்தியம் கலம் போடுகிறார்கள். லித்தியமும் மாங்கனீசு டையாக்சைடும் சேர்ந்த வேதியியல் அது. கடைசிவரை மின்னழுத்தம் பெரிதாக இறங்காமல் நின்று, பிறகு சட்டென்று விழும். நல்லதுதான், ஆனால் முன்னறிவிப்புக் குறைவு. காரைக்குடிக்காரர்களுக்கு இந்த வேதியியல் அந்நியமானதல்ல. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 பொங்கல் வேளையில் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். மின்கல ஆராய்ச்சி அங்கே பல தலைமுறையாக நடக்கிறது. அந்த ஊரில் இருந்துகொண்டு, மாற்றுக் கலம் இல்லாமல் கண்மாய்க்குப் போய் நிற்பது சரியல்ல. பையில் ஒன்று எப்போதும் இருக்கட்டும். வெயிலில் மூடிய காருக்குள் கருவியை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

கடையில் சோதிக்க முடிந்தால் இதைச் செய்யுங்கள். நாடாவால் அளந்த மூன்று தூரங்கள் வைத்துக்கொள்ளுங்கள்: முப்பது, எழுபது, நூற்றைம்பது மீட்டர். ஒவ்வொன்றிலும் வெள்ளைச் சுவர் வேண்டாம். ஒரு சாக்குப்பையைத் தொங்கவிட்டு அதை அளந்து பாருங்கள். சாக்கு மான்தோலுக்குக் கிட்டத்தட்ட வரும். பத்துத் தடவை அழுத்துங்கள். பத்தும் ஒன்றுக்கொன்று ஒரு மீட்டருக்குள் இருந்தால் அது நிலையான கருவி. நிலையாக இருந்து, நாடாவிலிருந்து எப்போதும் இரண்டு மீட்டர் கூடவோ குறையவோ சொன்னால்கூட நான் அதை வாங்குவேன். கழித்துக்கொள்ளலாம். ஒருமுறை 148, மறுமுறை 155 என்று தாவுகிற கருவியை எந்தக் கழித்தலாலும் சரிசெய்ய முடியாது.

திருப்பத்தூருக்குப் பக்கத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. 1977-இல் அறிவித்தது, வேட்டங்குடிப்பட்டி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்கள் சேர்ந்து 38.4 ஹெக்டேர். வலசை வரும் பறவைகள் மிரளக்கூடாது என்று அங்குள்ள ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. ஒரு தை மாத அந்தியில் கரையில் நின்று கருவியைக் கண்ணில் வைத்தபோது, மாடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் நின்றுவிட்டார்.

"என்னப்பு அது, குறி பாக்குறியா?"

"இல்லைங்கய்யா. தூரம் பாக்குற பெட்டி. சுடாது."

"இங்க வெடிகூடப் போடுறதில்ல, தெரியும்ல?"

தெரியும் என்றேன். அவர் முகம் இளகியது. தண்ணீருக்குள் நின்ற கருவேல மரத்தில் நாரைகள் அடைந்துகொண்டிருந்தன. அது எவ்வளவு தூரம் இருக்கும் என்று அவரிடமே கேட்டேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். ஒரு கூப்பிடு தூரம், ஆனால் இங்கே கூப்பிட முடியாது என்றார். கருவியை அவர் கண்ணருகே பிடித்துப் பொத்தானைக் காட்டினேன். சிவப்பு எழுத்தில் 142 என்று வந்தது. மறுபடி அழுத்தினார், 142. மூன்றாம் தடவை 139. கதிர் முன்னால் நீண்ட கிளையைத் தொட்டிருக்க வேண்டும். அவர் மாட்டை ஓட்டிக்கொண்டு இறங்கிப் போனார். நான் குறிப்பேட்டைத் திறந்து, தேதிக்கும் நேரத்துக்கும் அருகே 142 மீ. என்று எழுதி, அடுத்த கட்டத்தில் எதில் பட்டது என்பதையும் எழுதினேன்: மரத்தில், நாரையில் இல்லை.